பாடியவருக்குப் பொன்னாடை, பாட்டின் உரிமை யாருக்கு?

பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, களுவாஞ்சிகுடி என்று மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் எழுவான்கரை ஊர்களில் இறுவட்டு வெளியீட்டு விழாவின் ஒழுங்கு பெரிதாக மாறுவதில்லை. விளக்கேற்றல், ஆசியுரை, வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை. அதன்பின் முதற்பிரதி. அதைப் பெறுபவர் கையில் கடித உறையோடு மேடையேறுவார். சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர்கள் வாசிக்கப்படும். சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் மகன் சார்பில் தகப்பன் வந்து வாங்கிக்கொள்வார். உறைக்குள் இருப்பது இறுவட்டின் விலையைவிடப் பல மடங்கு. எவ்வளவு என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. பாட்டெழுதியவருக்கும் பாடியவருக்கும் பொன்னாடை போர்த்தப்படும். அன்றிரவு உறைகளைப் பிரித்து எண்ணி, ஸ்ரூடியோக் கடனையும் அச்சுச் செலவையும் கழித்தால் கணக்கு முடிந்தது. பாட்டு மட்டும் முடிவதில்லை. அடுத்த பத்து வருடத்துக்கு அது திருவிழா ஒலிபெருக்கியிலும் முச்சக்கரவண்டியிலும் யூடியூபிலும், சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் உள்ள வீடுகளின் வெள்ளிக்கிழமைப் பூசைகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் குறைசொல்லவில்லை. ஊர் தன் கலைஞரைத் தாங்க அறிந்த வழி அது. பாட்டெழுதியவரையும் பாடியவரையும் மேடைக்கு அழைத்து மதிக்கிறது. ஆனாலும் அங்கே நடப்பது விற்பனை என்று சொல்ல முடியாது. அது நன்கொடை, அதுவும் ஒருநாள் நன்கொடை. கசெட் போயிற்று, இறுவட்டும் போகிறது, இனி இசைக்கலைஞருக்குப் பிழைப்பேது என்று இதே மேடைகளில் கேட்கும் கவலை இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கிழக்கிலங்கைத் தமிழ்க் கலைஞருக்கு ஒலிப்பதிவிலிருந்து தொடர்ந்து வரும் வருமானம் கசெட் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் கிடைத்ததில்லை. இசை நாடாவில் ஏறியதா தட்டில் ஏறியதா என்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. அந்த இசையின்மேல் யாருக்கு என்ன பங்கு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். பங்கு எழுதப்படாதவரை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நட்டம் அதே ஆட்களின் தலையில்தான் விழும்.

தெற்காசியாவில் ஒலிப்பதிவுத் தொழில் பிறந்ததே கூலி முறையோடுதான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தார். அதற்கு அந்த அம்மையார் 3,000 ரூபா கேட்டார் என்பது இசை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் தொகை. தன் குரலின் பெறுமதியை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனால் அவர் கேட்டது அமர்வுக்கான கூலி. தட்டு எத்தனை விற்றாலும் அந்தக் கூலி கூடாது. இலங்கை வானொலியும் அதே தடத்தில்தான் நடந்தது. கலைஞர்களைத் தரம் பிரித்து, ஒலிப்பதிவுக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. ஈழத்து மெல்லிசை என்று இன்று பெருமையோடு நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்தக் கலையகங்களில் பிறந்தது. வானொலிக்குப் பாடுவது ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தின் நிழலில், திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும் பாட்டில் பாடியவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழாமலே போயிற்று.

பிறகு கசெட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி, 1977-இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் ரேடியோ-கசெட்டுகளோடு திரும்பத் தொடங்கிய பிறகும்தான் இங்கே வீட்டுக்கு வீடு நுழைந்தது. நகரங்களில் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன. கொப்பித் தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால், 60 நிமிட நாடாவிலோ 90 நிமிட நாடாவிலோ வரிசை பிசகாமல் பதிந்து, மேலட்டையில் குண்டெழுத்தில் தலைப்பும் எழுதித் தருவார்கள். நாடாவுக்கு ஒரு விலை, பதிவுக்கு ஒரு கூலி. இரண்டும் கடைக்காரருக்கு. பட்டியலில் இருந்த சென்னை இசையமைப்பாளருக்கும் அதில் ஒரு சதம் போகவில்லை, நம்மூர்ப் பாடகருக்கும் போகவில்லை. அது களவு என்று அன்று எவருக்கும் தோன்றவும் இல்லை. இந்தியாவில் இதே கசெட் டி-சீரிஸ் என்ற பெரு நிறுவனத்தை எழுப்பியது; பழைய பாட்டுகளைப் புதிய குரல்களில் பாடுவித்து மலிவு விலையில் விற்க அந்நாட்டுச் சட்டம் வைத்திருந்த இடைவெளியை அதன் நிறுவனர் குல்ஷன் குமார் நன்றாகப் பயன்படுத்தினார். ஆக, பொருள் தாராளமாக விற்ற காலத்திலும் பணம் போனது பொருளைக் கையில் வைத்திருந்தவரிடம்.

காணி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். வயலை ஒரேயடியாக விற்பதும் போகத்துக்குப் போகம் குத்தகை வாங்குவதும் ஒன்றல்ல. இரண்டில் எதுவானாலும் உறுதி யார் பெயரில் என்றுதான் முதலில் பார்ப்போம். ஒரு பாட்டுக்கு அப்படி இரண்டு உறுதிகள் உண்டு. சொல்லையும் மெட்டையும் ஆக்கியவருக்கு உரியது ஒன்று. பாடிய, வாசித்த, பணம் போட்டுப் பதிந்தவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின்மேல் உரியது மற்றது. இலங்கையில் இரண்டையும் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கிறது. பாட்டை ஆக்கியவரின் உரிமை அவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். பாடியவருக்கும் பதிந்தவருக்கும் 50 ஆண்டு. இதற்கு எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆக்கிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அதைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் கையொப்பத்தோடு கைமாற்ற வேண்டும். வணிக நோக்கில் வெளியான ஒலிப்பதிவை ஒலிபரப்பினாலோ பொது இடத்தில் போட்டாலோ நியாயமான ஊதியம் தரவேண்டும் என்றும், வேறு உடன்பாடு இல்லாவிடில் தயாரிப்பாளர் பெற்றதில் பாதி பாடியவர்களுக்குரியது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பாதி கண்ணில் படாதவர்கள்தான் நம் மேடைகளில் பொன்னாடையோடு நிற்கிறார்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் காசு வந்துவிடாது. போய்க் கேட்க ஆள் வேண்டும். 1847-இல் பாரிசில் ஒரு கபே தங்கள் பாட்டுகளை இசைத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட எர்னஸ்ட் பூர்ஜே முதலான பாட்டாளர்கள், எங்கள் பாட்டுக்கு நீ காசு தரவில்லை, உன் பானத்துக்கு நாங்களும் தரமாட்டோம் என்று மறுத்து வழக்காடி வென்றார்கள். அந்த வழக்கிலிருந்து 1851-இல் பிறந்த சாசெம் சங்கம் இன்றும் பிரான்சின் ஹோட்டல்களிடமும் வானொலிகளிடமும் வசூலித்துப் பங்கிடுகிறது. அமெரிக்கா 1909-இல் ஒரு படி மேலே போனது. பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆக்கியவருக்கு 2 சதம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. அந்த 2 சதம் சுமார் 70 ஆண்டு ஏறாமல் கிடந்ததும் ஒரு கசப்பான பாடம்தான். என்றாலும் பாட்டெழுதியவர் பெயரும் தட்டு விற்ற தொகையும் ஒரே கணக்கேட்டில் சந்திக்கும் பழக்கம் அங்கே அப்போதே வந்துவிட்டது. இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற வசூல் சங்கம் 1969-இல் தொடங்கியது. கொழும்பில் சிங்களப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் இதற்காகச் சங்கம் கட்டிப் பல காலம் வாதாடி வந்திருக்கிறார்கள். மட்டக்களப்பின் பாட்டாளர்கள் அந்தக் கூட்டங்களில் அநேகமாக இல்லை. பாசிக்குடா ஹோட்டல் வரவேற்பறையில் ஒலிக்கும் பாட்டுக்கு யார் யாரிடம் கேட்பது என்று இங்கே எவரும் பேசக் கேட்பதில்லை.

எழுத்தில்லாத உரிமைக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி சொலமன் லிண்டா. தென்னாபிரிக்க சூலு இனத்தவர். 1939-இல் ஜொகன்னஸ்பர்க்கில் கல்லோ நிறுவனத்துக்காக ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பாடிப் பதிந்தார். உரிமையை அந்த நிறுவனத்துக்கு 10 ஷில்லிங்குக்குக் கொடுத்தார். பாட்டு அமெரிக்கா போய் வேறு சொற்கள் பூண்டு உலகப் புகழ் பெற்றது. 1994-இல் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962-இலேயே வறுமையில் இறந்துபோயிருந்தார். மகள்மார் தொடுத்த வழக்கு 2006-இல்தான் சமரசத்துக்கு வந்தது. இந்தக் கதையில் தட்டு விற்கவில்லை என்ற குறை எங்குமே இல்லை. தட்டு விற்றது, திரைப்படம் ஓடியது, காசு கொட்டியது. எல்லாம் வேறு பெயருக்குப் போனது.

நமக்குக் கிட்டிய உதாரணம் 2021-இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’. அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த அந்தப் பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதை எடுத்தார். யூடியூபில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். யாருக்கு எவ்வளவு பெயர் என்ற மனத்தாங்கல் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியே வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு காசும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கும் கலைஞர்களுக்கும் இடையிலான அந்தக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. பெயரும் சந்தையும் வழக்கறிஞர்களும் உள்ளவர்களுக்கே இப்படி என்றால், கல்லாற்றில் ஒரு மைக்கின் முன் நின்று அம்மன் பாட்டுப் பாடும் பிள்ளை எந்தத் துணையை நம்பிப் பாடுகிறது என்பதே என் கேள்வி.

இந்த இடத்தில் இளையராஜா வழக்குகளை நினைவுபடுத்தி ஒரு மறுப்பு எழும். உரிமை உரிமை என்று கிளம்பினால் பாட்டே முடங்கிவிடும். 2017-இல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் போனதை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. அந்த நோட்டீஸ் நிறையப் பேரை நோகடித்தது. அந்த நோவில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சிக்கல் முளைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். படத்துக்காக ஆக்கிய இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இசைத்தட்டுக் காலத்தில் எழுதிய ஒப்பந்தங்களில் கைப்பேசிக்கும் இணையத்துக்கும் இடமில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று தெரியாத நிலையில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். மேடையில் பாடும் பாடகர் உரிமப் பணம் கட்ட வேண்டியவரே அல்லர். கட்ட வேண்டியவர் நுழைவுச்சீட்டு விற்கும் அமைப்பாளர். வாங்க வேண்டியது ஒரு பொதுச் சங்கம். பங்கிட வேண்டியது முன்பே எழுதிய விகிதம். அது ஒழுங்காக நடக்கும் ஊரில் இரண்டு நண்பர்களுக்கு இடையில் வக்கீல் வரத் தேவையில்லை. இந்தியா 2012-இல் சட்டத்தைத் திருத்தியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் பாட்டு பயன்படும்போது வரும் உரிமப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது என்று ஆக்கியது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு அதற்காக முழுமூச்சாக உழைத்தார். அந்தப் பாதுகாப்பு இலங்கைச் சட்டத்தில் இல்லை. இங்கே ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடலாம், கொடுத்தது போனதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு, தொகை சிறியது என்பது. ஸ்பாட்டிஃபை 2021-இல் இலங்கைக்கு வந்தது. கேட்ட தடவைக்கு இவ்வளவு என்று அது கொடுப்பதில்லை. திரண்ட வருமானத்தை மொத்தக் கேட்புகளுக்கு விகிதப்படி பிரிக்கிறது. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டு அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. யூடியூபில் விளம்பரப் பணத்தில் பங்கு கேட்க 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஒரு கோயில் பாட்டுக்கு இதெல்லாம் எட்டுமா? தனிப் பாட்டுக்கு எட்டாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இந்த வாவிக்கரையில் பெரும்பாலான இசைக்கலைஞர்களுக்குச் சோறு போடுவது இனியும் கச்சேரியும் கல்யாண வீடும் பாடசாலைச் சம்பளமுமாகத்தான் இருக்கும். கல்லடியில் 1982-இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து படித்து வெளியேறும் பிள்ளைகளில் அநேகர் ஆசிரிய நியமனத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஆனால் தொகையைப் பாட்டுக்குப் பாட்டு பார்ப்பது தவறான அளவை. ஓர் ஊரில் 20 ஆண்டில் வெளியான பாட்டுகள் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இன்று அவை கேட்டவர் கேட்டவர் கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஊஞ்சற் பாட்டை அவுஸ்திரேலியாவில் ஒருவரும் இலண்டனில் ஒருவரும் அன்பினால் தங்கள் கணக்கில் ஏற்றி வைத்திருப்பார்கள். பார்வைகள் பிரிந்து போவதால் ஒருவர் கணக்கும் எல்லையைத் தொடாது. தொட்டாலும் பணம் ஏற்றியவருக்கு. ஒரே பெயரில் ஒரே இடத்தில் இருந்தால் புலம்பெயர்ந்தோர் வீடுகளில் வருடம் முழுக்க ஒலிக்கும் பக்திப் பாட்டுக்கு அந்த எல்லை பெரிய தூரமல்ல. தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பாடகரின் தொண்டை 60 வயதுக்குப் பின் அவர் சொற்படி கேட்காது; மத்தளம் வாசிப்பவரின் விரல்கள் அதற்கு முன்பே மறுக்கும். கச்சேரிக் கூலி அன்றோடு நின்றுவிடும். அரசாங்க உத்தியோகம் இல்லாத கலைஞருக்குப் பெரும்பாலும் ஓய்வூதியமும் இல்லை. அவருடைய இளமைக் குரல் மட்டும் ஒலிப்பதிவில் உழைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த உழைப்புக்குரிய பங்கு, மாதம் மருந்துக்கு ஆகுமளவே ஆனாலும், அவர் வீட்டுக்கு வர வேண்டும். அதைச் சிறுதொகை என்று ஒதுக்குகிறவர்கள் நோயில் கிடக்கும் கலைஞருக்காக முகநூலில் நிதி திரட்டும் நிலை எப்படி வந்தது என்று ஒருதரம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வானொலிகளில் ஒலிப்பது பெரும்பாலும் இந்தியத் திரைப்பாட்டு. ஒழுங்காக வசூலித்தாலும் பணம் சென்னைக்குத்தானே போகும் என்றும் கேட்கலாம். போகும், போக வேண்டியதும்தான். அந்தப் பாட்டுகளை அரை நூற்றாண்டாக நாம் காசு கொடாமல் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அயல்நாட்டுப் பாட்டு இலவசமாகக் கிடைப்பதுதான் உள்ளூர்ப் பாட்டுக்கு முதல் எதிரி. எல்லாப் பாட்டுக்கும் விலை உண்டு என்றான பின்பே ஒரு நிலையம், அதே விலைக்கு நம்மவர் பாட்டைப் போட்டால் என்ன என்று யோசிக்கத் தொடங்கும்.

இறுவட்டு என்ற பொருளின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதற்குக் காரணம் விற்பனை அல்ல. மேற்கில் பெரிய கறுப்புத் தட்டுகள் மீண்டும் விற்கின்றன. அமெரிக்காவில் 2022-இல் அவை எண்ணிக்கையில் இறுவட்டையே முந்தின. ஆனாலும் உலக ஒலிப்பதிவு வருமானத்தில் 2024-இல் கையில் பிடிக்கும் பொருட்களின் பங்கு ஆறில் ஒன்றளவே. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் இணைய ஒலியோட்டத்தினுடையது. பெரியகல்லாற்றில் தட்டுச் சந்தை எழும் என்று கனவு காண வேண்டியதில்லை. இறுவட்டைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவிகூட இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த இறுவட்டின் மேலட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பாடல்கள் இன்னார், இசை இன்னார், குரல் இன்னார், மிருதங்கம், தபேலா, புல்லாங்குழல், ஒலிப்பதிவு, அனுசரணை என்று பொடியெழுத்தில் அத்தனை பெயரும் இருக்கும். பல பாட்டுகளுக்கு யார் எதைச் செய்தார் என்று சொல்லும் ஒரே எழுத்துச் சான்று அந்த அட்டைதான். பாட்டு யூடியூபில் ஏறும்போது அம்மன் படமும் ஊர்ப் பெயரும் நிற்கும். மிருதங்கக்காரர் காணாமல் போவார், பாட்டெழுதியவரும் சிலவேளை காணாமல் போவார். அட்டையை எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் பென்டிரைவில் காப்பாற்றும் வீடுகள், தெரியாமலே பாதியைத்தான் காப்பாற்றுகின்றன.

அம்மனுக்குப் பாடியதற்குக் காசு கேட்பதா என்று மனம் கூசுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் இந்தத் தொழிலின் அழகுகளில் ஒன்று. அதை நான் மதிக்கிறேன். ஆனால் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடி 1963-இல் வெளியான வெங்கடேச சுப்ரபாதத்தை எண்ணிப் பாருங்கள். அதன் உரிமப் பணத்தைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கென்று அவர் கொடுத்தார். உரிமை அவரிடம் எழுத்தில் இருந்ததால்தான் தானம் செய்ய முடிந்தது. ஒரு பாட்டு வருடம் தவறாமல் ஒரு பாடசாலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடிந்தது. கோயிலுக்கென்று பாடிய நம் பாட்டுகளிலும் ஒரு பங்கு அறநெறிப் பாடசாலைக்குப் போகலாம், அன்னதானத்துக்குப் போகலாம். பாடியவர் வேண்டாமென்று விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். முகந்தெரியாத ஒரு கணக்கின் சொந்தக்காரர் அல்லர்.

எல்லாவற்றிலும் பெரிய சொத்து வேறு இருக்கிறது. அதற்குத் தனி ஆக்குநர் பெயரே இல்லை. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் பாடும் குளிர்த்தியும் காவியமும், வழக்குரை, வசந்தன், வடமோடி தென்மோடிக் கூத்துப் பாட்டுகள், பொலிப் பாட்டு, மீனவர் அம்பா, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சொல்லும் கவி. தி. சதாசிவ ஐயர் 1940-இல் வசந்தன் கவிகளைத் திரட்டி அச்சேற்றினார். வி.சீ. கந்தையா 1964-இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். பேராசிரியர் சி. மௌனகுரு கூத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக்குள்ளும் நவீன அரங்குக்குள்ளும் கொண்டுபோனார். இந்தச் செல்வத்தை எவர் வேண்டுமானாலும் எடுத்து, கீழே கிற்றார் வைத்து, தன் பெயரில் வெளியிடலாம் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முன்சொன்ன 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைத் தனியே காக்கிறது. வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்யவும் ஒலிபரப்பவும் மாற்றியமைக்கவும் அமைச்சர் நியமிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டும், கட்டணம் வேண்டும். எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று வெளியீட்டில் சொல்லவும் வேண்டும்.

நல்ல பிரிவு. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் எனக்குத் தெரிகின்றன. அனுமதி கொடுப்பவர் கொழும்பின் அதிகாரி. குளிர்த்திப் பாட்டைத் தலைமுறையாகக் காத்து வந்த கட்டாடியாரையோ கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையோ அவர் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வசூலாகும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு என்கிறது. யாருடைய பண்பாடு, எந்த ஊரில் என்று சொல்லவில்லை. அதற்காக, ஊருக்கு ஊர் எங்கள் பாட்டு என்று வேலி போடவும் முடியாது. கவி இந்தக் கரையில் தமிழர் வாயிலும் முஸ்லிம் வாயிலும் ஒரே தாளத்தில் வளர்ந்தது. அதைக் கல்லாறு தனக்கென்றும் மருதமுனை தனக்கென்றும் கூறுபோட்டால் பாட்டு செத்துப்போகும். ஊரார் தம் மரபுப்படி பாடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். வெளியிலிருந்து வந்து படத்துக்கோ விளம்பரத்துக்கோ எடுப்பவர் இடத்தின் பெயரைச் சொல்லட்டும், கட்டணத்தைக் கட்டட்டும். அந்தக் கட்டணம் இரு சமூகத்துக் கலைஞர்களும் உட்காரும் ஒரு மாவட்டக் குழுவின் வழியாகக் கூத்துக் களரிகளுக்கும் பழக்கும் ஆசிரியர்களுக்கும் திரும்பட்டும். ஒரு குறிப்பிட்ட முதியவர் பாட, யாரோ ஒருவர் பதிவுசெய்தால், பாட்டு பொதுச்சொத்து என்றாலும் அந்தக் குரலின் உரிமை அந்த முதியவருடையது. ஆய்வுக்கென்று வந்து பதிந்துகொண்டு போகிறவர்களும் இதை நினைவில் வைத்தல் நல்லது.

சட்டத் திருத்தம் கொழும்பில் நடக்க வேண்டும், அது நாளாகும். ஊரில் இப்போதே செய்யக்கூடியது ஒரு பக்கத் தாள். பதிவு தொடங்குமுன் அதில் பாட்டின் பெயர், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர், வாசித்தவர்கள், பணம் போட்டவர், யாருக்கு என்ன பங்கு, கோயிலுக்கு என்ன பங்கு என்று தமிழில் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். கோயில் வண்ணக்கர் சாட்சி வைக்கலாம். அனுசரணை செய்யும் வெளிநாட்டு அன்பர் கொடுப்பது நன்கொடையா முதலீடா என்பதையும் அதில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னாளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார், கலாசாரப் பேரவை இருக்கிறது. களுவாஞ்சிகுடியில் மண்முனை தென் எருவில் பற்றுச் செயலகம் அந்தத் தாள்களின் பிரதியை ஒரு கோவையில் வைத்து, இதுவரை வெளியான கசெட், இறுவட்டு மேலட்டைகளையும் படம்பிடித்துச் சேர்க்கத் தொடங்கினால், இந்தக் கரையின் பாட்டுகளுக்கு முதல்முறையாக ஒரு இடாப்பு கிடைக்கும். நாளை ஒரு வசூல் சங்கத்தின் வாசலுக்குப் போகிறவர்கள் கையில் அது இருந்தாக வேண்டும்.

அடுத்த வைகாசிச் சடங்குக்கு முன் இந்தக் கரையின் ஸ்ரூடியோக்களில் மீண்டும் பாட்டுகள் பதிவாகும். மைக்கைச் சரிசெய்யுமுன் பாடுகிற பிள்ளையும் பாட்டெழுதியவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இந்தப் பாட்டு ஏறப்போகும் யூடியூப் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அதோடு இணைத்த வங்கிக் கணக்கு யாருடையது?